மெட்ரோ தண்டவாளம் சீரின்றித் தேய்வதன் காரணத்தைக் கண்டறியும் முறை

வளைவில் ஒரு தண்டவாளம் மற்றதைவிட விரைவாகத் தேய்ந்திருப்பதைக் கண்டவுடன் தண்டவாளத்தை அரைத்துச் சீராக்கும் கிரைண்டிங் வண்டியை வரவழைப்பது தவறு என்றே கருதுகிறேன். காரணம் நீங்காத இடத்தில் எத்தனை முறை அரைத்தாலும் அதே தேய்வு திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் தண்டவாளத் தலையில், அதாவது சக்கரம் உருளும் மேற்பகுதியில், உலோகம் குறைந்துகொண்டே போகும்.

முதலில் தேய்வு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே அச்சில் இறுக்கிப் பொருத்தப்பட்ட இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுழல்கின்றன. ஆனால் சென்னை மெட்ரோவில் உள்ளதைப் போன்ற 1,435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்) பாதை 90 பாகை திரும்பும்போது, வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிடச் சுமார் 2.36 மீட்டர் நீண்டுவிடுகிறது. இந்த வேறுபாட்டைச் சக்கரத்தின் கூம்பு வடிவம் ஈடுசெய்ய வேண்டும்: அச்சு வெளிப்புறமாக நகரும்போது வெளிச் சக்கரம் பெரிய விட்டத்திலும் உள் சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும். 860 மி.மீ. விட்டமும் 1:20 சரிவும் கொண்ட சக்கரங்கள் 300 மீட்டர் ஆர வளைவில் சறுக்காமல் உருள வேண்டுமானால், அச்சு ஏறத்தாழ 21 மி.மீ. வெளிப்புறமாக நகர வேண்டும்; அந்த அளவு நகர்வதற்குள் சக்கரத்தின் உட்புறம் துருத்தி நிற்கும் விளிம்பு தண்டவாளத்தில் முட்டிவிடும். இதனால் வெளித் தண்டவாளத்தின் உட்பக்கம் சுரண்டப்படுகிறது. உள் தண்டவாளத்தின் மேற்பரப்பில் சக்கரம் குறுக்காகச் சறுக்கி அலையலையான நெளிவுகளை உண்டாக்குகிறது. பக்கத் தேய்வைத் தலையின் மேற்பரப்பிலிருந்து சுமார் 14 மி.மீ. கீழே அளக்க வேண்டும்.

அடுத்து, வெளித் தண்டவாளம் எவ்வளவு உயர்த்தப்பட்டுள்ளது என்பதை, அதாவது கேன்ட்டை, வண்டிகள் உண்மையில் ஓடும் வேகத்தோடு ஒப்பிடுங்கள். மணிக்குக் கி.மீ.யில் உள்ள வேகத்தின் வர்க்கத்தை 11.8 ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள ஆரத்தால் வகுத்தால், இரு தண்டவாளங்களிலும் சுமை சமமாக விழும் சமநிலைக்கான உயர்வு மில்லிமீட்டரில் கிடைக்கும். 300 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்கு அது 142 மி.மீ.; 40 கி.மீ.க்கு 63 மி.மீ. மட்டுமே. நிலையம் அருகிலிருப்பதால் ஓட்டுநர்கள் வேகம் குறைத்துச் செல்லும் வளைவில் கேன்ட் மிகுந்திருந்தால், சுமை உள் தண்டவாளத்தின் மீது சாய்ந்து அதன் தலையை நசுக்கும். ஆகவே வரைபடத்தில் குறித்த வேகத்தை நம்பாமல், வண்டியின் பதிவுக் கருவியிலிருந்து வேகத்தை எடுப்பதே முறை.

வெளித் தண்டவாளத்தின் அடியில் பளபளக்கும் இரும்புத் துகள்கள் உதிர்ந்து கிடந்தால், உட்பக்க முகத்துக்குக் கிரீஸ் போதவில்லை என்று பொருள். அதற்காக அளவின்றிப் பூசினால் அது மேற்பரப்புக்கு ஏறி, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் வழுக்கக் காரணமாகும்.

நெளிவு இருந்தால், இரு முகடுகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து, வண்டியின் வேகத்தை அதனால் வகுத்துப் பாருங்கள். 40 கி.மீ. வேகத்தில் 40 மி.மீ. நெளிவு, நொடிக்குச் சுமார் 278 அதிர்வுகளைக் குறிக்கும். வேறு வேகத்தில் வண்டி ஓடும் வளைவிலும் இதே எண் வந்தால், சக்கர அச்சின் முறுக்கதிர்வையும் தண்டவாளப் பிடிப்புகளின் விறைப்பையும் ஆராய வேண்டும். காரணத்தைச் சரிசெய்து அரைத்து முடித்த பின், அளந்த அதே புள்ளிகளில் பெயின்ட் குறி இட்டு, மாதந்தோறும் அங்கேயே மீண்டும் அளந்து வாருங்கள்.