செட்டிநாட்டிலிருந்து டீச்சர் ட்ரெயினிங்: கிறிஸ்தவப் பயிற்சி நிறுவனத்தில் சேர்வது முதல் டெட் வரை

பிளஸ் டூ முடித்துவிட்டு டீச்சர் ட்ரெயினிங் போகலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களைவிட அதிகமாக யோசிக்கும் அம்மா அப்பாக்களுக்காகவும் இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், புதுவயல் பக்கம் பல வீடுகளில் "சிஸ்டர்ஸ் நடத்துற காலேஜ்ல சேத்துட்டா கவலை இல்ல" என்று ஒரு நம்பிக்கை உண்டு. நம்பிக்கை சரிதான். ஆனால் அந்தக் காலேஜில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள், அதில் எது எங்கும் பொது, எது அங்கே மட்டும் கிடைப்பது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. அதை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: எந்தப் படிப்பு என்று முடிவு செய்யுங்கள்

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்த வேண்டுமென்றால் உங்களுக்கு வேண்டியது தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பு. டி.எல்.எட். என்பார்கள். இரண்டு வருடம். பழைய ஆட்கள் இன்னும் டி.டி.எட். என்றுதான் சொல்வார்கள், இரண்டும் ஒரே வழிதான். பிளஸ் டூவில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு.

பி.எட். வேறு. காரைக்குடியில் 1950 முதலே கல்வியியல் கல்லூரி இருப்பதால் நம் ஊர்ப் பக்கம் "வாத்தியார் படிப்பு" என்றாலே பி.எட். என்று ஆகிவிட்டது. 2023 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதி ஆகாது. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் ஏற்றுவது தனி வித்தை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதுதான் காரணம். டிகிரி, பி.எட். இரண்டையும் முடித்துவிட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போக ஆசைப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களும் டி.எல்.எட். படித்துத்தான் ஆக வேண்டும்.

படி 2: அங்கீகாரத்தைப் பாருங்கள்

கட்டடத்தையும் சாப்பலையும் பார்த்து மயங்க வேண்டாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, டி.எல்.எட். படிப்புக்கு அனுமதி இருக்கிறதா, எத்தனை இடம் என்று பாருங்கள். ஒரே வளாகத்தில் பி.எட்.டும் டி.எல்.எட்.டும் நடக்கும், ஒன்றுக்கு இருக்கும் அனுமதி இன்னொன்றுக்கு ஆகாது. அலுவலகத்தில் அங்கீகார ஆணையின் நகலைக் கேட்டுப் பாருங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

சிவகங்கை மாவட்டத்துக்கு அரசின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் காளையார்கோவிலில் இருக்கிறது. கட்டணம் மிகக் குறைவு. கிறிஸ்தவ நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும் முன் இதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று.

படி 3: கிறிஸ்தவ நிறுவனம் என்றால் என்ன வித்தியாசம்

தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சியின் கதையே மிஷனரிகளிடமிருந்துதான் தொடங்குகிறது. 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய தரங்கம்பாடியில், 1716-ல் டேனிஷ் மிஷன் ஆசிரியர்களைப் பழக்க ஒரு பள்ளி வைத்தது. எதிர்த்திசையிலும் ஒன்று போயிருக்கிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். முதல் வருடப் பாடத்தில் இது வரும்போது கொட்டாவி விடாதீர்கள், நம்ம சரக்கு.

நம் வட்டாரத்திலும் இதன் வேர் ஆழமானது. ஜான் டி பிரிட்டோ என்ற சேசு சபைத் துறவி அருளானந்தர் 1693-ல் உயிர்விட்ட ஓரியூர் பக்கத்திலேயே இருக்கிறது. தேவகோட்டையில் அவர் பெயரால் சேசு சபையினர் நடத்தும் டி பிரிட்டோ பள்ளி 1943-ல் தொடங்கியது. சிவகங்கை மறைமாவட்டம் 1987-ல் உருவானது.

இனி நடைமுறைக்கு வருவோம். பாடத்திட்டத்தை வகுப்பது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். தேர்வு நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். ஆகவே சிஸ்டர்கள் நடத்தினாலும் சரி, செட்டியார் டிரஸ்ட் நடத்தினாலும் சரி, புத்தகமும் வினாத்தாளும் சான்றிதழும் ஒன்றுதான். மாறுவது மற்றவை: காலை ஜெபம், வாரம் ஒரு நன்னெறி வகுப்பு, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, ஹாஸ்டல் கட்டுப்பாடு, பாட்டு. "நாங்க இந்துவாச்சே, பிரார்த்தனைக்குக் கட்டாயப்படுத்துவாங்களா?" என்று கேட்பவர்களுக்கு: அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் சம்மதம் இல்லாமல் யாரையும் மத போதனையில் உட்கார வைக்க முடியாது. அரசியல் சாசனத்தின் 28-வது பிரிவே அதைச் சொல்கிறது. கிறிஸ்தவ நிறுவனங்களில் படிக்கும் மற்ற மதத்துப் பிள்ளைகள் நிறையப் பேர், பிரச்சினை வருவது அபூர்வம்.

பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொயர், அதாவது குழுவாகப் பாடும் பழக்கம் உள்ள இடத்தில் படித்த ஆசிரியைக்கு ஒன்றாம் வகுப்பைக் கையாள்வதில் பாதிக் கஷ்டம் குறைந்துவிடும். குரல் எடுக்கக் கூச்சம் இருக்காது. முப்பது பிள்ளைகளைச் சத்தம் போட்டு அடக்க முடியாது, ஒரு பாட்டை எடுத்தால் அடங்கும்.

என் கணக்கில், சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: "உங்க வளாகத்துல தொடக்கப் பள்ளி இருக்கா?" சொந்தப் பள்ளி உள்ள நிறுவனத்தில் பயிற்சி மாணவி ஜன்னல் வழியாகவே தினமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது இல்லாத இடத்தில் பிள்ளைகள் என்பது புத்தகத்தில் வரும் ஒரு சொல்.

படி 4: பாடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. குழந்தையையும் பள்ளியையும் பற்றிய பாடங்கள் ஒரு பக்கம்: கற்கும் குழந்தை, கற்றலை எளிதாக்குதலும் மேம்படுத்துதலும், இந்தியக் கல்வி முறை. எதை எப்படிக் கற்பிப்பது என்ற பாடங்கள் மறுபக்கம்: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். இவற்றோடு ஓவியம், கைவேலை, உடற்கல்வி, யோகா போன்ற செயல்முறைகள்.

'கற்கும் குழந்தை'யில் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜே வருவார், வைகாட்ஸ்கி வருவார். பலர் இதை மனப்பாடம் செய்து ஒப்பேற்றுகிறார்கள். வேண்டாம். பியாஜே சொன்னதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். நாலைந்து வயதுப் பிள்ளை முன்னால் ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாக மோர் ஊற்றுங்கள். ஒன்றை அகலமான கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, எதில் அதிகம் என்று கேளுங்கள். பெரும்பாலும் உயரமாக நிற்கும் டம்ளரைத்தான் காட்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதானே" என்று உங்களை ஒரு மாதிரி பார்க்கும். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை அந்த மோரில் இருக்கிறது.

தமிழ் கற்பித்தலில் உங்கள் பெருமை கொஞ்சம் அடிபடும். 247 எழுத்தும் நமக்குத் தெரியும், அதனால் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று நினைத்துப் போவோம். அ-வில் தொடங்காமல் கைக்கு எளிதான ட, ப, ம வடிவங்களில் தொடங்கலாம் என்றும், பிள்ளை பேசும் சொல்லிலிருந்து எழுத்துக்குப் போகலாம் என்றும் அங்கேதான் தெரியும். ஆங்கிலத்தில் பலர் தடுமாறுவார்கள். எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்லப் பழகுங்கள், வாயில் வர நாளாகும்.

படி 5: கற்பித்தல் பயிற்சிக்குத் தயாராகுங்கள்

இந்தப் படிப்பின் உயிர் இங்கேதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 நெறிமுறைப்படி இரண்டு வருடத்தில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை போதும், பள்ளிப் பயிற்சிக்கு 90. திருவிழா, பங்காளி வீட்டுக் கல்யாணம் என்று நம் ஊர்க் காலண்டர் எப்போதும் நிரம்பியே இருக்கும், இந்த வாரங்களில் மட்டும் மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் மூத்த ஆசிரியர் வகுப்பைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பீர்கள். பிறகு குறுநிலைக் கற்பித்தல்: சக மாணவிகளையே பிள்ளைகளாக உட்கார வைத்து ஐந்தாறு நிமிடம் ஒரே ஒரு திறனை மட்டும் பழகுவது. சிரிப்பு வரும், பரவாயில்லை. அப்புறம் நிஜ வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் பாடக்குறிப்பு எழுதி, மேற்பார்வை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி, கற்றல் துணைக்கருவி செய்து கொண்டுபோக வேண்டும்.

ஸ்டேஷனரி கடையில் சார்ட்டும் தெர்மகோலும் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். இரண்டாம் வகுப்புக்கு 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு விளக்குமாறு போதும். ஈர்க்குச்சிகளை ஒரே நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு நாலு கட்டு, உதிரி இரண்டு. ஏழு குச்சியைக் கொடு என்றால் பிள்ளை உதிரியைப் பார்க்கும், இரண்டுதான் இருக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருங்கள். பயிற்சி மாணவிகளுக்கு இதுதான் மகா கஷ்டம், உடனே சொல்லிக்கொடுக்க வாய் துறுதுறுக்கும். யாராவது ஒரு பிள்ளை "டீச்சர், கட்ட அவுக்கலாமா?" என்று கேட்கும். அவிழ்த்தால் பன்னிரண்டு உதிரி. ஏழு போக ஐந்து. மிச்சம் மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு. இருபத்தைந்து. 'கடன் வாங்குதல்' என்று நாம் காரணம் தெரியாமல் செய்துவந்த கணக்கு இவ்வளவுதான்.

நாலாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கில் சமச்சீர் (சிமெட்ரி) நடத்தவோ ஆத்தங்குடிக் கல், அதாவது டைல் பாவிய தரை இருக்கிறது. பழைய வீட்டு வளவிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு கல்லின் பூவைத் தாளில் வரைந்து வரச் சொல்லுங்கள். எத்தனை விதமாக மடித்தால் இரண்டு பக்கமும் பொருந்துகிறது என்று அவர்களே மடித்துப் பார்க்கட்டும்.

அரசுப் பள்ளியில் பயிற்சி கிடைத்தால் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டத்தின் முறையைப் பார்ப்பீர்கள். 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்குத் தொடங்கி, அடுத்த வருடம் நாலு, ஐந்துக்கும் வந்தது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிந்து ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற இரண்டுக்கும் கையில் வேலை இருக்க வேண்டும். பாடக்குறிப்பில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இறுதியில் பிராக்டிகல் கமிஷன் வரும். வெளியிலிருந்து வருபவர்கள் ரெக்கார்டு நோட்டுகளைப் பார்த்து, பாடம் நடத்தச் சொல்வார்கள். ரெக்கார்டுகளை அந்தந்த வாரமே எழுதிவிட்டால் கடைசி மாதத்தில் ராத்திரி கண் விழிக்க வேண்டியதில்லை.

படி 6: சிறப்புப் பிரிவு

வெளிநாட்டுக் கிறிஸ்தவக் கல்லூரிகளைப் பற்றிப் படித்துவிட்டு "நான் எதை ஸ்பெஷலைஸ் பண்றது?" என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் தொடக்கக் கல்வி என்பது நாலு வருடப் பட்டம். அதோடு வாசிப்பு, சிறப்புக் கல்வி, முன்பருவக் கல்வி, பிறமொழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்று ஒன்றைச் சேர்த்துப் படித்து, மாநில உரிமம் வாங்கலாம். நம் டி.எல்.எட்.டில் அப்படிப் பிரிவு கிடையாது. அதில் நியாயமும் இருக்கிறது. இங்கே கிராமத்துப் பள்ளி பலவும் ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். "நான் கணக்கு மட்டும்தான் எடுப்பேன்" என்று அங்கே சொல்ல முடியாது.

சிறப்புத் தகுதி வேண்டுமென்றால் தனிப் படிப்பாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்விப் பட்டயம் என் முதல் பரிந்துரை. அது இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் கீழ் வரும். முடித்ததும் அங்கே பதிவு எண் வாங்க வேண்டும், எண் இல்லாமல் சிறப்பாசிரியர் ஆக முடியாது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மிஷனரிப் பெண்கள் பள்ளி தொடங்கிவிட்டார்கள், ஆகவே கிறிஸ்தவ நிறுவனங்களுக்கு இதில் நீண்ட பழக்கம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள்தான் விருப்பம் என்றால் முன்பருவக் கல்விப் பட்டயமோ மாண்டிசோரி பயிற்சியோ படிக்கலாம். தனியார் நர்சரிகளில் வேலை சீக்கிரம் கிடைக்கும், சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

டி.எல்.எட். முடித்த கையோடு அஞ்சல் வழியில் ஒரு டிகிரி போட்டுவைப்பதும் நல்லது. பிற்பாடு பதவி உயர்வுக்கு உதவும்.

படி 7: டெட், அதன் பின் வேலை

டெட் என்பது ஆசிரியர் தகுதித் தேர்வு. அதில் தாள் 1 உங்களுக்கானது. 150 கேள்வி, 150 மதிப்பெண்: குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று ஒவ்வொன்றுக்கும் 30. பொதுப் பிரிவுக்கு 60 சதவீதம், அதாவது 90. ஒரு தடவை தேறினால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். படிக்கும்போதே ஒன்று முதல் எட்டு வரை சமச்சீர்ப் புத்தகங்களைத் திரும்ப வாசித்து வாருங்கள், அதைவிட நல்ல கைடு இல்லை.

டெட் தேறினால் அரசு வேலை என்று நினைக்க வேண்டாம். 2018-ன் அரசாணை 149-க்குப் பிறகு நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு. தொடக்க வகுப்பு நடத்தும் இடைநிலை ஆசிரியர் பணிக்கு அப்படி ஒரு தேர்வு 2024 ஜூலை 21-ல் நடந்தது. தமிழ்த் தகுதித் தாளும் அதில் உண்டு, அதில் தேறாவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

அரசு உதவி பெறும் கிறிஸ்தவப் பள்ளிகளில் நியமனம் நிர்வாகம் செய்வது, கல்வித் துறை ஒப்புதல் கொடுப்பது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு டெட் கட்டாயமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அதை நம்பி டெட் எழுதாமல் இருக்காதீர்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் சான்றிதழ் கையில் இருப்பவருக்கு நஷ்டமில்லை. பள்ளியில் வேலை இருப்பதாகச் சொன்னால், அது அரசு ஒப்புதல் பெற்ற பணியிடமா, நிர்வாகமே சம்பளம் கொடுக்கும் இடமா என்று கேட்டு, பதிலை நியமன ஆணையில் எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.