நாயகனைச் சாகவிடும் முன்: வீடியோ கேம் எழுதுவோருக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தின் கடைசியில் படுகளம் என்ற போர்க்களச் சாவுச் சடங்கு நடக்கும்போது, களிமண்ணால் செய்து தரையில் கிடத்தப்பட்டுள்ள துரியோதனன் சாகப்போகிறான் என்பது கூடியிருக்கும் சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் வெயிலில் நின்று பார்க்கிறார்கள். தம் கேமுக்குச் சோக முடிவு பொருந்துமா என்று தயங்குகிறவர்கள் முதலில் இதைக் கவனிக்க வேண்டும். முடிவை ஒளித்துவைக்கத் தேவையில்லை. 2010இல் வெளிவந்த ஹேலோ: ரீச் கேம், நாயகனின் சிதைந்த தலைக்கவசம் மண்ணில் கிடக்கும் காட்சியோடுதான் தொடங்குகிறது, கடைசிக் கட்டத்தில் 'உயிர் பிழைத்திரு' என்ற ஒரே கட்டளை வருகிறது, ஆனால் எவ்வளவு திறமையாக ஆடினாலும் பிழைக்க முடியாது.

ஆகவே கதையை முடிவிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். சாவுக்கான காரணத்தை, ஆடுபவர் தம் கையாலேயே செய்யும் ஒரு சாதாரண வேலைக்குள் வைத்துவிடுங்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018) கேமில், கடன் வசூலிக்கப் போகும் நாயகன் ஆர்தர் மார்கன் காசநோயாளி ஒருவரை அடிக்கிறான். அடிக்கும் பொத்தானை அழுத்துவது நாம்தான். அந்த மனிதர் இருமியபோது முகத்தில் தெறித்த ரத்தம், பல மணி நேர ஆட்டத்துக்குப் பின் ஆர்தரின் நுரையீரலை அரிக்கும் நோயாகத் திரும்பி வரும்போது, கதாசிரியர்மீது பழிபோட நமக்கு வழியில்லை.

ஆடுபவரின் தேர்வுகள் கதையை மாற்றும் என்று உறுதி சொன்ன கேமில் கூடுதல் கவனம் தேவை. மாஸ் எஃபெக்ட் 3 (2012) வந்தபோது, மூன்று பாகங்களிலும் தாம் எடுத்த முடிவுகளுக்குக் கடைசியில் மதிப்பில்லை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு ஜூனில் விரிவாக்கிய முடிவு இலவசமாக வெளியிடப்பட்டது. நாயகன் சாவதைவிட, தம் தேர்வு வீணானதுதான் அவர்களைச் சுட்டது என்பது என் கணிப்பு. (நேரத்தைப் போக்க ஆடும் புதிர் கேம்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம்.)

சாவுக்குப் பின் உடனே பெயர்ப் பட்டியலை ஓட்டிவிடாதீர்கள். படுகளத்துக்குப் பிறகு தீமிதி இருப்பதுபோல், ஆடுபவரின் கைகளுக்கும் ஏதேனும் வேலை கொடுங்கள். ஆர்தர் இறந்த பின், அவன் கூட்டாளி ஜான் மார்ஸ்டனாக நாம் ஒரு வீட்டைக் கட்டுகிறோம்.

முடித்ததும், கதை தெரியாத ஒருவரை அருகில் உட்கார்ந்து ஆடச் சொல்லுங்கள். நாயகன் விழுந்தவுடன் அவர் முன்பு சேமித்து வைத்த (save) இடத்துக்குத் திரும்பப் பார்த்தால், அந்தச் சாவைத் தம் ஆட்டத்தின் பிழை என்று நினைத்திருக்கிறார். அதற்கு முந்தைய பத்து நிமிடங்களைத் திருத்தி எழுதுங்கள்.