பீடித்தட்டில் எழுதிய அ, ஆ

முக்கூடல் பக்கம் எங்கள் தெருவில் 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தன்னார்வலராக, பீடி சுற்றுகிறவர்களுக்குச் சாயங்கால வகுப்பு எடுத்தேன். அரிச்சுவடியில் ஆரம்பித்ததுதான் தப்பு. பகல் முழுக்கப் பீடி சுற்றிய கை, பென்சிலைப் பிடித்ததும் விறைத்துக்கொண்டது, இரண்டே வாரத்தில் பாதிப் பேர் வரவில்லை.

சரி என்று, அவர்கள் பீடி சுற்றும் திண்ணைக்கே நான் போய் உட்கார்ந்தேன். நோட்டு இல்லை. மடியில் வைத்துப் பீடி சுற்றும் சுளவில், அதாவது முறத்தில், புகையிலைத் தூளைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னேன், தப்பினால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம், அந்தப் பயம் போனதுதான் பெரிய விஷயம். முதல் சொற்கள் இலை, தூள், நூல், கட்டு. அப்புறம் டவுன் பஸ் போர்டு.

கணக்கு நான் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம், மனசுக்குள்ளேயே ஓடும். எழுதிய எண்ணைப் பார்த்தால்தான் தெரியாது. அதனால், கொடுத்த பீடிக் கணக்கைக் கடையில் எழுதித் தரும் அவரவர் பாஸ்புக்கையே பாடமாக்கினேன்.

மூன்றாவது மாதம் ஓர் ஆச்சி தன் பாஸ்புக்கில் விரலை ஊன்றி, “ஏம்மா, ஆயிரம்லா குடுத்தேன், இதுல 975ன்னுல்லா போட்டிருக்கு, ஒரு கட்டு குறையுதே” என்றார். மறுநாள் கடையில் அவரே கேட்டுத் திருத்தி வாங்கினார்.