அம்பாசிடர் இன்ஜினை இன்னொரு அம்பாசிடருக்கு மாற்றுவது: கிளட்ச் முதல் கிரவுன் வரை

தோட்டத்துச் சாளையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் அம்பாசிடர் கொங்கு நாட்டில் இன்னும் உண்டு. ஒன்றில் இன்ஜின் நன்றாக இருக்கும், ஆனால் ஜாக்கி வைக்க இடமில்லாதபடி தளம் துருவேறியிருக்கும். இன்னொன்றில் பாடி கல்லு மாதிரி நிற்கும், இன்ஜின் நீலப்புகை விடும். இந்த இரண்டையும் ஒரே வண்டியாக்கும் வேலையைத்தான் இங்கே சொல்கிறோம். இரண்டுமே 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜின் வண்டிகளாக இருக்க வேண்டும். 1990களில் வந்த 1800 இசுசூ இன்ஜினுக்கு மவுண்டிங், ஹவுசிங், கியர் லீவர் எல்லாமே வேறு. அது இந்தக் கணக்கில் சேராது.

முதலில் காகிதம். ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் எண் மாறப்போகிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதியை வேலைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். இன்ஜின் கொடுக்கும் வண்டியின் ஆர்.சி., விற்பனை ரசீது, இன்ஜின் எண்ணின் பென்சில் அச்சு மூன்றும் கையில் இருக்கட்டும். அந்த வண்டியை உடைக்கப்போகிறீர்கள் என்றால் 55-ஆம் பிரிவின்படி அதன் பதிவையும் ரத்து செய்ய வேண்டும். ரசீது இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இன்ஜினை மட்டும் தனியாக மாற்றாதீர்கள் என்பதுதான் எங்கள் உறுதியான கருத்து. பிளைவீல், கிளட்ச், கியர் பாக்ஸ், அதிலிருந்து பின்னால் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்ஸில் எல்லாம் பல வருடம் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை. நல்ல செட் ஒன்று கிடைத்தால் செட்டாகவே கழற்றி, செட்டாகவே பூட்டுங்கள். பாதியை இங்கிருந்தும் பாதியை அங்கிருந்தும் எடுத்தால், சத்தம் எந்தப் பாதியிலிருந்து வருகிறது என்று தேடியே மாதம் போய்விடும்.

கழற்றுமுன் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சூடானதும் நான்கு பிளக்கையும் எடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துக் கம்ப்ரஷன் அளவெடுங்கள். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைவான சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். சூடான இன்ஜினில் ஆயில் பிரஷர் ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ. பக்கமும், ஐட்லிங்கில் 15-க்குக் குறையாமலும் நின்றால் பேரிங் பற்றிப் பயமில்லை.

ஸ்பேனர் விஷயத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். இந்த வண்டியின் போல்ட் பெரும்பாலும் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; 13 நம்பர் ஸ்பேனர் ஏதோ பிடித்துக்கொள்ளும். 9/16 என்பது 14.3 மி.மீ.; 14 நுழையாது, 15 போட்டால் முனை உருண்டுவிடும். 7/16, 1/2, 9/16 ரிங் ஸ்பேனர் மூன்றும் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

தூக்குவதற்கு ஊரில் போர் மோட்டார் இறக்கும் முக்காலி இருக்கும். அதில் ஒரு டன் செயின் பிளாக் மாட்டினால் போதும். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்து 150 கிலோவுக்கு மேல் வரும் என்பதால் மாட்டுக்கொட்டகை விட்டத்தை நம்ப வேண்டாம். பானெட், ரேடியேட்டர், கார்பரேட்டர், சைலன்சர் பைப், செல்ஃப் மோட்டார் கழற்றுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனை ஃபிளாஞ்சிலும் உளியால் சிறு குறி போட்டுவிட்டுப் பிரியுங்கள். கியர் லிங்க்கேஜ், ஸ்பீடோ கேபிள், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரைப் பிரித்தபின் கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, குறுக்குச் சட்டத்தைக் கழற்றுங்கள். வார் பெல்ட்டை மேனிஃபோல்ட் மேலோ டிஸ்ட்ரிபியூட்டர் மேலோ பாரம் விழாதபடி சுற்றி, முன்பக்கம் மேலே, வால்பக்கம் கீழே என்று சாய்த்து எடுங்கள். வண்டிக்கு அடியில் யாரும் இருக்கக் கூடாது.

இன்ஜின் தரையில் இருக்கும் இந்த ஒரு நாள்தான் பின்னால் பல மாதம் காப்பாற்றும். கியர் பாக்ஸைப் பிரித்துக் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் பாருங்கள். ரிலீஸ் பேரிங்கின் கார்பன் பாதி தேய்ந்திருந்தாலே புதிது போடுங்கள். கிராங்க் முனையில் இருந்துகொண்டு கியர் பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ் ஆடினால் மாற்ற வேண்டும். புது புஷ்ஷை ஒரு நாள் முழுக்க இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்டுத்தான் அடிக்க வேண்டும், ஏனென்றால் பூட்டியபின் அதற்கு எண்ணெய் கொடுக்க வழியில்லை. பிளைவீலில் நீலத் திட்டும் வெடிப்புக் கோடும் இருந்தால் லேத்தில் லேசாகச் சீவச் சொல்லுங்கள். கோவை கணபதி, பீளமேடு பக்கம் இந்த வேலை தெரிந்த லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை.

கிளட்ச் பிளேட்டின் நடுக் குழல் (பாஸ்) நீண்டிருக்கும் பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும். பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றை விட்டு நடுமையம் பிடித்து, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாக முறுக்குங்கள். கியர் பாக்ஸைச் சேர்க்கும்போது அது நேராக உள்ளே போக வேண்டும். இரண்டு அங்குலம் போய் நின்றதும் போல்ட் போட்டு இழுப்பதும், பாரத்தை ஷாஃப்டின் மேல் தொங்கவிட்டு டீ குடிக்கப் போவதும்தான் அதிகம் நடக்கும் தப்பு. பிளேட்டின் நடு வளைந்துவிடும். பிறகு கிளட்ச் முழுதாக விடாது, வண்டி நடுங்கிக்கொண்டு கிளம்பும், அதற்காக எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். போகவில்லை என்றால் கியரில் போட்டு, பின் ஃபிளாஞ்சைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். ஸ்பிளைன் பல் சேர்ந்ததும் தானாகப் போய் உட்காரும்.

பின்பக்கம் எண்ணெய் ஒழுகுவது இந்த இன்ஜினின் பழைய வியாதி. கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பி அனுப்பும் திருகு வெட்டு மட்டும்தான். உள்ளே காற்றழுத்தம் ஏறினால் எண்ணெய் அதைத் தாண்டிக் கிளட்ச்சுக்கு வரும். அந்தக் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயைப் பெட்ரோலில் கழுவி, வாயால் ஊதிப் பாருங்கள். அடைத்திருந்தால் வேறு என்ன செய்தும் ஒழுக்கு நிற்காது. டிப்ஸ்டிக் மேல்கோட்டைத் தாண்டி எண்ணெய் ஊற்றுவதும் இதே பலனைத்தான் தரும்.

அடுத்தது தண்ணீர். பல்லடம், அவிநாசி வட்டாரத்து போர் உப்புத்தண்ணி ஊற்றிய வண்டியென்றால், பிளாக்கின் உள்ளே சுண்ணாம்பும் சேறும் சேர்ந்திருக்கும். நான்காம் சிலிண்டர் பக்கம்தான் அதிகம். பிளாக்கின் தண்ணீர் ஓட்டைகளை மூடியிருக்கும் வெல்ச் பிளக் தகடுகளை இப்போதே தட்டி எடுத்து, கம்பியால் சுரண்டி, ஹோஸ் வைத்துத் தண்ணீரை எதிர்த்திசையில் விடுங்கள். புது பிளக் அடித்து, டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். வண்டியில் ஏற்றியபின் உட்பக்கப் பிளக்குகளுக்குக் கை எட்டாது.

பின் ஆக்ஸிலை வீட்டுக்கு எடுத்துவருமுன், அதன் நடுவிலுள்ள பெரிய பல்சக்கரமான கிரவுனுக்கும் சிறியதான பினியனுக்கும் உள்ள பல் விகிதம் பாருங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, அதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சாக்பீஸ் குறி வைத்து எண்ணினால் விகிதம் கிடைத்துவிடும். 41-க்கு 9 பல் என்றால் 4.55, 39-க்கு 8 என்றால் 4.87. எண் பெரிதானால் மலையில் இழுவை கூடும். சிறிதானால் சேலம்–கோவை நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறாது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவர்கள் பெரிய எண்ணை விட வேண்டாம். கியர் பாக்ஸ் ஒரு வண்டியுடையது, ஆக்ஸில் இன்னொன்றுடையது, விகிதமும் வேறு என்றால் ஸ்பீடோமீட்டர் 7 சதவீதம் பொய் சொல்லும். கிரவுனுக்கு ஹைப்பாய்டு 90 எண்ணெய் ஊற்றுங்கள். அதையே கியர் பாக்ஸில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்க்கை பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கும்.

ஒயரிங்கில் இரண்டு விஷயம். பழைய மாடல்களில் பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் பூட்டியிருக்கலாம். அதில் ஆல்டர்னேட்டர் உள்ள இன்ஜினை அப்படியே இணைத்தால் டயோடு அந்த நொடியே போய்விடும். மைனஸ் எர்த்துக்கு மாற்றி, டைனமோவின் சார்ஜைத் துண்டித்துச் சேர்க்கும் கட்டவுட் பெட்டியைக் கழற்றிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். இரண்டாவது, இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. எர்த் பட்டையை மறந்தால் செல்ஃப் கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் பழுத்துப் புகைவதைப் பார்த்தால் காரணம் இதுதான்.

ஸ்டார்ட் செய்யுமுன் 20டபிள்யூ-50 எண்ணெய் மூன்றரை லிட்டர் ஊற்றி, மீதியை டிப்ஸ்டிக் பார்த்துச் சேருங்கள். பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து, பிரஷர் முள் ஏறியபின் பிளக் மாட்டுங்கள். பிளக் இடைவெளி 0.6 மி.மீ., டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் 0.4 மி.மீ., வால்வு 0.38 மி.மீ. வால்வுக்கு ஒன்பது கணக்கு: எட்டு வால்வில் எட்டாவது முழுதாக அமுங்கியிருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஏழாவது அமுங்கும்போது இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

முதல் 50 கிலோமீட்டர் சமதளத்தில் ஓட்டுங்கள். ஆடிக்காற்றில் பல்லடத்திலிருந்து மேற்கே ஓட்டி, இழுவை இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்; திரும்பி வரும்போதும் பாருங்கள். 60 வேகத்தில் தரை அதிர்ந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் குறி மாறியிருக்கும், அல்லது நடுவில் பிரித்துச் சேர்த்ததில் இரு ஜாயிண்ட் நுகமும் ஒரே கோட்டில் இல்லை. இன்ஜின் ஆறியபின் மவுண்டிங், ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, 500 கிலோமீட்டரில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிய பிறகே திம்பம் மலைப்பாதை ஏறுங்கள்.

பழைய கூட்டை எடைக்குப் போடுமுன் ஸ்பீடோ கேபிள், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், கியர் லிங்க்கேஜ், பின் டிரம் நான்கையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.