கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்: பழைய ஆட்டோமேட்டிக் காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பழைய ஐ10 ஆட்டோமேட்டிக் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீடு தண்டையார்பேட்டை. "கியர் பாக்ஸ் போயிடுச்சு, இறக்கித்தான் பாக்கணும்னு ஒரு இடத்துல சொல்லிட்டாங்க தம்பி" என்றார். பிக்கப் இல்லை, மேல் கியர் விழத் தாமதமாகிறது, பெட்ரோல் குடிக்கிறது. 'டி'யில் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் ஆட்டோமேட்டிக் வண்டி தானாக மெல்ல ஊர வேண்டும். இது அசையவே இல்லை. இதையெல்லாம் கேட்டால் யாருக்கும் கியர் பாக்ஸ் மேல்தான் சந்தேகம் போகும்.

சாவியை வாங்கிக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு சுற்று போய் வந்தேன். இறங்கியதும் நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், தொடாமல். மூன்றில் சாதாரணச் சூடு. முன் இடது சக்கரத்தில் மட்டும் தோசைக்கல் பக்கத்தில் கை வைத்த மாதிரி அனல். ஜாக்கி போட்டு, நியூட்ரலில் வைத்துச் சுற்றினால் அரைச் சுற்றுகூட வரவில்லை. பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சுமையை இழுத்துத்தான் கியர் பாக்ஸ் திணறியது. அதில் ஒரு குறையும் இல்லை.

பழைய ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கின் நோய் கியரில் தெரியும், கியரின் நோய் பிரேக்கில் தெரியும். எது எது என்று பிரிக்காமல் ஸ்பேனரை எடுப்பதுதான் முதல் தவறு. கியர் பாக்ஸை இறக்கும் செலவில் பல பழைய வண்டிகளின் பாதி விலை போய்விடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பிரேக் ஜாம் என்று தெரிந்ததும் நேராக காலிப்பரை, அதாவது பிரேக் பேடுகளை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் பாகத்தை, மாற்றுவது அடுத்த தவறு. சக்கரம் இறுகி நிற்கும்போதே பிளீட் நிப்பிளை (காலிப்பரிலிருந்து பிரேக் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) கொஞ்சம் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே லேசாகிவிட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று அர்த்தம்: ரப்பர் ஹோஸ் உள்பக்கம் உப்பி அடைத்திருக்கலாம், மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் திரும்ப விடாமல் இருக்கலாம். காலிப்பர் மாற்றினாலும் அந்தக் கோளாறு அப்படியே இருக்கும். நிப்பிளைத் திறந்த பிறகும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால்தான் காலிப்பரின் பிஸ்டனையோ, அது நகர்வதற்கான பின்னையோ (pin) சந்தேகிக்க வேண்டும். அந்த ஐ10-இல் சிக்கியது அந்தப் பின்தான். காசிமேடு, எர்ணாவூர் பக்கம் தெருவில் நிற்கிற வண்டிக்கு உப்புக் காற்று இலவசம். காலிப்பர் பின்னில் துரு ஏறி, பேட் திரும்ப வராது. பேட் மாற்றும்போதெல்லாம் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் போட வேண்டும். பேரிங் கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிக்கொண்டு முன்பைவிட மோசமாக இறுகும்.

ஆட்களை அதிகம் ஏமாற்றுவது ஒரு சின்ன வேக்யூம் ஹோஸ். இன்ஜினிலிருந்து பிரேக் பூஸ்டருக்கு (மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பாகம்) போகும் இது விரிசல் விட்டால், பிரேக் மிதி கல் மாதிரி ஆகும். அந்த விரிசல் வழியாகக் காற்று உள்ளே போவதால் இன்ஜின் ரேஸ் ஏறி இறங்கும். ரேஸ் கூடுதலாக இருக்கும்போது 'டி'யோ 'ஆர்'ரோ போட்டால் 'தடக்' என்று உதைக்கும், சிக்னலில் வண்டி முன்னால் தள்ளும். மூன்று புகார், மூன்று பில், காரணம் ஒரே ஹோஸ். சோதனை எளிது: இன்ஜினை அணைத்துவிட்டு மிதியை நாலைந்து முறை மிதித்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் முதலில் ஹோஸையும் அதிலுள்ள வால்வையும் பாருங்கள். பிடித்திருக்கும்போது மிதி மெதுவாகத் தரைவரை போய்க்கொண்டே இருந்தால் அது வேறு கதை. மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கும், அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

லிவர் 'பி'யிலிருந்து வரவில்லை என்றால் கியர் சிக்கிவிட்டது என்று முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பிரேக் ஸ்விட்சோ ஃபியூஸோ போயிருக்கும். மிதியை மிதித்தது வண்டிக்குத் தெரியாததால்தான் பூட்டை விடவில்லை.

60–80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது கரடுமுரடான ரோட்டில் போவது போல நடுக்கம் வந்தால் உடனே டிஸ்க்கைக் கடைசல் கொடுக்க வேண்டாம். டிஸ்க் கோணலின் நடுக்கம் பிரேக் போடும்போதுதான் வரும். சும்மா ஓடும்போது வருவது, இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் (சீரான வேகத்தில் இரண்டையும் நேராகப் பூட்டும் கிளட்ச்) ஆக இருக்கலாம். விடியற்காலையில், ரோடு காலியாக இருக்கும்போது, ஆக்சிலரேட்டரை மாற்றாமல் இடது காலால் பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும் மிதியைத் தொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் லாக்-அப் விட்டுவிடும்; நடுக்கமும் அந்த நொடியே நின்றால் கோளாறு அங்கேதான். பல நேரம் ஆயில் மாற்றியதிலேயே இது சரியாகி நான் பார்த்திருக்கிறேன்.

கியர் ஆயில் விஷயத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே முறை என்று நினைக்காதீர்கள். சிலவற்றில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். ஹோண்டாவில் சூடேற்றி, அணைத்த உடனே பார்க்க வேண்டும். கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சிவிடி வகைக்குத் தனி ஆயில். 2014-இல் செலேரியோவோடு வந்த ஏஎம்டி வகையில் (மேனுவல் கியர் பாக்ஸையே கருவி தானாக மாற்றும்) டார்க் கன்வர்ட்டரே கிடையாது, சாதாரண கிளட்ச்தான்; மேலே சொன்ன லாக்-அப் சோதனை அதற்குப் பொருந்தாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தே போகும் வண்டிக்கு ஆயில் சீக்கிரம் வெந்துவிடும். எங்கள் பக்கத்துக்கு 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறேன். பல வருடம் மாற்றாத பாக்ஸில் மெஷின் வைத்து அழுத்தமாக ஆயிலை அடித்துக் கழுவ மாட்டேன். வடித்து ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி வடிப்பதே எனக்கு நம்பிக்கை. ஆயில் பானில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயப்பட வேண்டாம். செதில் செதிலாக இரும்பு இருந்தால்தான் இறக்க வேண்டும்.

பிரேக் ஆயில் விளக்கு எரிந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போவதும் தவறு. பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும். பேட் கனமாக இருந்தும் மட்டம் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பின் அந்த எல்லை 155-க்கு வந்துவிடும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். கடலோர ஈரத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டால், கியர் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, ஸ்டார்ட் செய்யக் கூடாது. மழையில் நனையாத வண்டியில் அந்த நிறம் தெரிந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் ஓட்டையாகியிருக்கும். இரண்டிலும் கயிறு கட்டி இழுத்துவர வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது ஆயில் பம்பும் ஓடாது. முன் சக்கரம் தரையில் உருண்டால் பாக்ஸ் உள்ளே காய்ந்து அரைபடும். வண்டி முழுவதையும் ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட் லாரியை வரச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால் முன் சக்கரம் இரண்டையும் தூக்கிக்கொண்டு போகிற வண்டியாவது வேண்டும்.