ஸ்லோ குக்கரில் முதல் சமையல்: கடலைக் குழம்பு, ஆட்டுக்கால், உளுந்தங்கஞ்சி

ஸ்லோ குக்கர் வாங்கும் பலர் முதல் வாரத்திலேயே அதில் சோறும் சாம்பாரும் வைத்துப் பார்க்கிறார்கள். சோறு குழைந்துபோகிறது, சாம்பார் தண்ணீராக நிற்கிறது, கருவி பரணுக்கு ஏறிவிடுகிறது. அதற்கு ஏற்ற பண்டத்தைக் கொடுக்காததே இதற்குக் காரணம். திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் விறகடுப்பு இருந்த காலத்தில், சமையல் முடிந்தபின் மிஞ்சிய தணலில் எவற்றை ஏற்றி வைத்துவிட்டு வயலுக்குப் போனார்களோ, பீடி சுற்ற உட்கார்ந்தார்களோ, அவையே இந்தக் கருவிக்கும் உரியவை: கடலை, காணம் (கொள்ளு), எலும்பு, கஞ்சி. இருபது நிமிடத்தில் பிரஷர் குக்கர் முடித்துவிடும் துவரம்பருப்பை எட்டு மணி நேரம் வேகவைப்பதில் ஒரு லாபமும் இல்லை.

கருவியைப் புரிந்துகொள்ளுதல்

கனமான பீங்கான் உள்பானை, அதைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி பொதிந்த வெளிக்கூடு, கண்ணாடி மூடி ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஸ்லோ குக்கர். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் 1940இல் காப்புரிமை பெற்ற பயறு வேகவைக்கும் பானையே 1971இல் 'கிராக் பாட்' என்ற பெயரில் வீடுகளுக்குள் வந்தது. இதில் லோ, ஹை, வார்ம் என்று மூன்று நிலைகள் இருக்கும். லோவில் வைத்தால் குறைந்த சூட்டிலேயே நிற்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான கருவிகளில் இரண்டு நிலைகளும் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ ஒரே சூட்டில்தான் போய் நிற்கின்றன. ஹையில் வேகமாகவும் லோவில் நிதானமாகவும் அந்தச் சூட்டை எட்டுகின்றன என்பதே வேறுபாடு. வார்ம் என்பது வெந்த பண்டத்தைச் சூடாக வைத்திருக்க மட்டுமே. அதில் எதையும் வேகவைக்கக் கூடாது.

நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 3.5 லிட்டர் அளவு போதும். அந்த அளவுக் கருவி சுமார் 200 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 8 மணி நேரத்துக்கு 1.6 யூனிட் ஆகும். வாரம் இருமுறை பயன்படுத்தினாலும், இரண்டு மாதக் கணக்கில் 28 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். நமக்குக் கிடைக்கும் இலவச மின்சாரத்தை இது ஒன்றே தின்றுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் அடுப்பங்கரை கொதிக்காமல் இருப்பதும் ஒரு பெரிய ஆறுதல்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்து கொண்டுவந்து தந்த கருவியாக இருந்தால், அடிப்பக்கத்தில் உள்ள தகட்டைப் படித்துப் பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் செருகினால் நிமிடங்களில் கருகிவிடும். துபாய், ரியாத் பக்கமிருந்து வந்தவை பெரும்பாலும் 220 முதல் 240 வோல்ட் என்று குறிக்கப்பட்டிருக்கும். அவற்றில் பிளக்கின் வடிவம் மட்டுமே வேறுபடும் என்பதால், தளர்வான அடாப்டரில் தொங்கவிடாமல் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து நம்மூர்ப் பிளக்காக மாற்றிக்கொள்வது நல்லது.

தண்ணீர் வைத்து ஒரு சோதனை

கடலை ஊறப்போடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. பானையில் பாதிக்குச் சற்று மேல் வரை தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் 8 மணி நேரம் விடுங்கள். பிறகு மூடியைத் திறந்த உடனே சமையல் தெர்மாமீட்டரால் அளந்தால், 85 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நகரத்தில் இது பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி இருக்கும் கிராமங்களில், அக்கம்பக்கத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். 230 வோல்ட் 180 ஆகும்போது வோல்டேஜ் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. கம்பியின் சூடேற்றும் திறனோ கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்து, 200 வாட் கருவி 120 வாட் கருவியாகிவிடுகிறது. அப்படிப்பட்ட வீடுகளில் லோவை நம்பாமல் ஹையிலேயே சமைப்பதுதான் முறை.

இதில் இவ்வளவு கவனம் ஏன் என்றால், 5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில்தான் நோய்க்கிருமிகள் விரைவாகப் பெருகுகின்றன. பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியைத் தொடும் மாதங்களில், அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே பண்டம் அந்த எல்லைக்குள் நிற்கிறது. ஆகவே மூன்று பழக்கங்களைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள்: பானைக்குள் எப்போதும் கொதிக்கும் தண்ணீரையே ஊற்றுங்கள், ஃப்ரீசரில் உறைந்த கறியை அப்படியே போடாதீர்கள், காலையில் எல்லாவற்றையும் பானையில் நிரப்பி, மதியம் தானே தொடங்கும்படி டைமர் வைக்கும் வசதி இருந்தாலும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தும் நாளைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு, அந்த நாளில் இதைத் தொடவே வேண்டாம். வீட்டில் இருக்கும்போது திடீரென்று மின்சாரம் போனால், பண்டத்தை உடனே வேறு ஏனத்துக்கு மாற்றி அடுப்பில் வைத்து முடித்துவிடலாம். நீங்கள் வெளியே போயிருந்த நேரத்தில் மின்சாரம் போய் வந்திருந்து, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லையென்றால், எவ்வளவு கறி போட்டிருந்தாலும் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

முதல் சமையல்: கருப்புக் கொண்டைக்கடலைக் குழம்பு

கால் கிலோ கடலையை இரவே நிறையத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பின் மேல் 10 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கடலைக்கு இது நேரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. ராஜ்மாவுக்கோ இது கட்டாயம். ராஜ்மாவில் இயற்கையாக உள்ள ஒரு நச்சுப் பொருள் நன்றாகக் கொதித்தால்தான் அழியும், ஸ்லோ குக்கரின் சூடு மட்டும் அதற்குப் போதாமல் போகலாம், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும்.

ஒரு சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, இரண்டு கைப்பிடி உள்ளியையும் (சின்ன வெங்காயம்) பத்துப் பல் பூண்டையும் நிறம் மாறும் வரை வதக்கி, மல்லிப்பொடி, மிளகாய்ப்பொடி, மஞ்சள்பொடி சேர்த்துப் பச்சை வாசனை போகும் வரை புரட்டுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகலாம் என்று கருவியோடு வரும் சமையல் குறிப்புகள் சொன்னாலும் நம்ப வேண்டாம். மூடிய பானைக்குள் எதுவும் வதங்குவதில்லை. பச்சை மசாலாவைப் போட்டால், எட்டு மணி நேரம் கழித்தும் பச்சை மசாலாவின் வாசனைதான் வரும்.

பானையின் அடியில் பெரிய துண்டுகளாக நறுக்கிய கால் கிலோ சேனைக்கிழங்கைப் பரப்புங்கள். சூடு அடியிலும் ஓரத்திலும்தான் முதலில் ஏறும் என்பதால், கடினமான கிழங்குகளுக்கு எப்போதும் அங்கேதான் இடம். அதன்மேல் கடலை, அதன்மேல் வதக்கிய மசாலா, உப்பு, கடைசியாக நாலு தம்ளர் கொதிநீர் என்று வரிசையாகச் சேருங்கள். இங்கே நீராவி வெளியே போவதில்லை, மூடியில் பட்டுத் திரும்பிப் பானைக்குள்ளேயே விழுகிறது. ஆகையால் அடுப்பில் வைப்பதைவிடத் தண்ணீரைக் குறைத்துத்தான் ஊற்ற வேண்டும். பானை பாதிக்குக் குறையாமலும் முக்கால் பங்குக்கு மேல் போகாமலும் இருக்கட்டும்.

காலை 8 மணிக்கு லோவில் வைத்தால் மாலை 4 மணிக்குக் கடலை விரலுக்கிடையில் நசுங்கும். இடையில் ஆசைக்காகக் கூட மூடியைத் திறக்காதீர்கள். ஒருமுறை திறந்தால் இழந்த சூட்டை மீட்க இருபது முப்பது நிமிடம் பிடிக்கும்.

புளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெல்லிக்காய் அளவுப் புளியைக் காலையிலேயே கரைத்து ஊற்றிவிட்டால், புளிப்பு கடலையின் தோலை இறுக்கிவிடும். இரவு வரை விட்டாலும் அது நறுக்கென்றே இருக்கும். கடலை முழுதும் வெந்தபின், புளிக்கரைசலைத் தனியே ஒரு கொதி விட்டு, வறுத்தரைத்த தேங்காயோடு பானையில் சேர்த்து, ஹைக்கு மாற்றி 40 நிமிடம் வையுங்கள். இவ்வளவு செய்தும் கடலை வேகவில்லையென்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டில் பூவாக வெந்த அதே கடலை, ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்தில் உப்புச் சுவையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் வேகாமல் முரண்டு பிடிக்கும். அங்கே ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடலாம், அல்லது குடிநீரையே பயன்படுத்தலாம். தாளிசம் எப்போதும் கடைசியில்தான். கடுகும் கறிவேப்பிலையும் வெங்காய வடகமும் பொரிந்து விழும் அந்த வாசனையை எட்டு மணி நேரம் மூடி வைத்தால் ஒன்றும் மிஞ்சாது.

ஆட்டுக்கால்

இந்தக் கருவியை வாங்கியதற்கு நியாயம் சொல்ல ஒரே ஒரு பண்டத்தைக் காட்டச் சொன்னால், நான் ஆட்டுக்காலைத்தான் காட்டுவேன். எலும்பைச் சுற்றியுள்ள தசைநாரும் ஜவ்வும், கொதிக்காத நீடித்த சூட்டில் மணிக்கணக்காக இருந்தால் கரைந்து குழம்புக்குப் பிசுபிசுப்பைத் தரும். பிரஷர் குக்கரிலும் அது வரும், ஆனால் ஒரு விசில் கூடினால் எலும்பு வேறு சதை வேறாகிவிடும்.

வாட்டிச் சுத்தம் செய்து துண்டு போட்ட நாலு கால்களை, மஞ்சள் தடவிக் கழுவி, அடுப்பில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, நுரையோடு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உள்ளி, இஞ்சி பூண்டு விழுது, தக்காளி ஆகியவற்றை வதக்கிச் சேர்த்து, துண்டுகளுக்கு மேல் ஒரு விரற்கடை நிற்குமாறு கொதிநீர் ஊற்றுங்கள். பட்டை, கிராம்பை வழக்கத்தில் பாதியாகக் குறைத்துவிடுங்கள். நீண்ட நேரம் ஊறும்போது அவை மருந்துபோல் ஓங்கிவிடும். லோவில் 9 அல்லது 10 மணி நேரம். பிறகு தேங்காய், சோம்பு, கசகசா அரைத்த விழுதைச் சேர்த்து ஹையில் அரை மணி நேரம் வைத்து, மிளகுப்பொடியும் மல்லித்தழையும் தூவி இறக்கினால், மேலப்பாளையத்து வீடுகளில் இடியாப்பத்தோடு பரிமாறும் பதத்துக்கு அருகில் வந்துவிடும்.

இரவில் வைக்கும் உளுந்தங்கஞ்சி

பானையின் உள்ஓரங்களில் நல்லெண்ணெய் தடவுங்கள். தடவாவிட்டால் ஓரத்தில் பிடித்துத் தீயும். முக்கால் தம்ளர் உடைத்த கருப்பு உளுந்து, கால் தம்ளர் பச்சரிசி, பூண்டு, கொஞ்சம் வெந்தயம், எட்டுத் தம்ளர் கொதிநீர் என்று சேர்த்து, இரவு 10 மணிக்கு லோவில் வைத்துவிட்டுப் படுக்கலாம். காலையில் மத்தால் கடைந்து, உடன்குடிக் கருப்பட்டியைத் தனியே கரைத்து மண் போக வடிகட்டி ஊற்றி, சுக்குப்பொடியும் தேங்காய்ப்பாலும் கலந்தால் ஐந்தாறு பேருக்குத் தாராளமாகக் காணும். இனிப்பை இரவே போட்டால் உளுந்து குழைய மறுக்கும், தேங்காய்ப்பாலை இரவே ஊற்றினால் திரிந்துவிடும்.

சொதியை இதில் வைக்க வேண்டாம் என்று சொல்வதற்கும் அந்தத் தேங்காய்ப்பால்தான் காரணம். கீரை, வெண்டைக்காய் இரண்டும் நிறமும் உருவமும் இழந்துபோகும். மீனுக்கு காருகுறிச்சி மண்சட்டியில் பத்து நிமிடமே அதிகம். அல்வா கிண்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: கிண்டாமல் அல்வா இல்லை, மூடியைத் திறந்து கிண்டினால் ஸ்லோ குக்கர் இல்லை.

மிஞ்சியதைப் பானையிலேயே விட்டு ஆறவைக்காமல், அகலமான ஏனத்தில் ஊற்றி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சூடாக்குவதை அடுப்பில் கொதிக்கவைத்துத்தான் செய்ய வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பீங்கான் பானையைச் சூடான கூட்டுக்குள் இறக்கினாலும், சூடான பானையைக் குழாயடியில் பிடித்தாலும் விரிசல் விடும். ஆறியபின் வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, தேங்காய்நாரால் மென்மையாகத் தேய்த்தால் அடிப்பிடித்தது வந்துவிடும். வெளிக்கூட்டைத் தண்ணீரில் முக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.