கல்லடிக் கடற்கரையில் வடமீனை அளப்போம்: இராப்பலகை செய்முறை

16ஆம், 17ஆம் நூற்றாண்டுக் கடற்படங்களில் வடக்கு–தெற்கு பெரும்பாலும் பொருந்தும். கிழக்கு–மேற்குதான் கண்டபடி நீளும், குறுகும். காரணம், வடக்கு–தெற்கை நட்சத்திரத்தைப் பார்த்தே அளக்கலாம். துருவ நட்சத்திரமான வடமீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுவே நீங்கள் நிற்கும் இடத்தின் அகலாங்கு, அதாவது பூமத்திய கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே என்பது. அதை அளக்க ஒரு பலகைத் துண்டும் முடிச்சிட்ட நூலும் போதும். அரபு மாலுமிகள் இதைக் கமால் என்றார்கள். தமிழ்க் கடலோடிகளுக்கு இது இராப்பலகை.

பலகை

3 மி.மீ. ப்ளைவுட்டில் 10 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம் வெட்டுங்கள். உயரம்தான் கணக்குக்குரியது; அதில் 1 மி.மீ. பிழைத்தாலும் வாசிப்பு 0.1 பாகைக்கு மேல் விலகும். மேல், கீழ் விளிம்புகளை உப்புத்தாளால் நேராகத் தேய்த்து, நடுமையத்தில் ஒரு துளை இடுங்கள்.

நூல்

தங்கூசி வேண்டாம். அது இழுபடும், முடிச்சும் வழுக்கும். பின்னல் நூலில் 80 செ.மீ. எடுத்துத் துளையில் கோத்து, பின்பக்கம் முடிச்சிடுங்கள். பலகையின் முன்முகத்திலிருந்து அளந்து இந்தத் தூரங்களில் முடிச்சு வரவேண்டும்:

10 பாகை – 34.3 செ.மீ.
9 பாகை – 38.1 செ.மீ.
8 பாகை – 42.9 செ.மீ.
7.5 பாகை – 45.8 செ.மீ.
7 பாகை – 49.1 செ.மீ.
6 பாகை – 57.2 செ.மீ.

பலகைக்கு அருகே உள்ள முடிச்சிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றையும் இறுக்கிய பிறகே அடுத்ததை அளக்க வேண்டும். எல்லா இடங்களையும் முதலில் பேனையால் குறித்துவிட்டு முடிச்சிட்டால், ஒவ்வொரு முடிச்சும் கொஞ்சம் நூலைத் தின்று மிச்சமெல்லாம் நகர்ந்துவிடும்.

பழைய மாலுமிகள் பாகையில் எண்ணவில்லை. அவர்களுடைய அலகு விரல். ஒரு விரல் சுமார் 1.6 பாகை. போகவேண்டிய துறைமுகத்துக்கென்றே ஒரு முடிச்சு இட்டு, வடமீன் அதற்குப் பொருந்தும்வரை வடக்கிலோ தெற்கிலோ ஓடி, பிறகு அதே உயரத்தை விடாமல் கரையைப் பிடித்தார்கள்.

இடமும் நேரமும்

வடக்கே திறந்த கடல் வேண்டும். நமது கிழக்குக் கரை வடமேற்காகச் சாய்ந்து போவதால் கல்லடியிலும் கல்முனையிலும் வடக்கு கடல்மேல் விழுகிறது. பொத்துவிலில் இது சரிவராது. சங்கமன்கண்டி முனைப் பக்கம் கரை கிழக்கே புடைத்து வடக்கை மறைக்கிறது.

நேரம்தான் பலரைக் கைவிடுகிறது. நட்சத்திரமும் தெரியவேண்டும், அடிவானக் கோடும் தெரியவேண்டும். சூரியன் மறைந்து 30 முதல் 45 நிமிடம்வரை அந்த வாய்ப்பு உண்டு. நிலவு உயரத்தில் நிற்கும் இரவென்றால் கூடுதல் நேரம் கிடைக்கும். இவ்வளவு தாழ்வில் வடமீனின் ஒளி மிகவும் மங்கிப்போகும். மெல்லிய புகார் இருந்தாலே காணாது. மாரி காலத்தில் முயலாதீர்கள். மாசி முதல் ஆனி வரை நல்லது.

அளத்தல்

திசைகாட்டியால் வடக்கைப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடி, முடிச்சை மற்றக் கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் பொருத்தி, நூல் விறைக்கப் பலகையை நீட்டுங்கள். கீழ் விளிம்பு அடிவானத்தில் உட்கார, மேல் விளிம்பை வடமீன் தொடவேண்டும். நட்சத்திரம் பலகைக்கு மேலே தெரிந்தால் அதன் உயரம் அதிகம். பலகைக்குக் கிட்டிய முடிச்சுக்கு மாறுங்கள். பலகை மறைத்தால் எட்டிய முடிச்சுக்கு. இரண்டு முடிச்சுக்கு நடுவே பொருந்தினால் நூலை அந்த இடத்தில் கிள்ளிப் பிடித்து அடிமட்டத்தால் அளந்துகொள்ளுங்கள். ஐந்து தடவை எடுத்துச் சராசரி பாருங்கள்.

நூல் தொய்ந்தால் தூரம் குறைந்து, உயரம் உள்ளதைவிடக் குறைவாக வாசிக்கப்படும். பலகை முன்னோ பின்னோ சாய்ந்தாலும் பிழைதான்.

திருத்தம்

வடமீன் சரியாகத் துருவத்தில் இல்லை, சுமார் 0.6 பாகை விலகிச் சுற்றுகிறது. பெப்ரவரி நடுப்பகுதி அந்தியில் அது துருவத்துக்கு மேலே நிற்கும், 0.6 கழியுங்கள். ஏப்ரல் நடுப்பகுதியில் பக்கவாட்டில் நிற்கும், திருத்தம் தேவையில்லை. ஜூன் நடுப்பகுதியில் 0.5 கூட்டுங்கள். வளிமண்டலம் உயர்த்திக் காட்டுவதற்காக எப்போதும் 0.1 கழியுங்கள். 1498இல் வாஸ்கோ ட காமா மலிந்தியில் வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொண்டு கோழிக்கோட்டுக்கு ஓடிய காலத்தில் இந்த விலகல் சுமார் 3.5 பாகை. திருத்தம் தெரியாதவர் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தவறிப் போயிருப்பார்.

கல்லடிக்கு 7.7 வரவேண்டும். அரைப் பாகைக்குள் வந்தால் முதல் முயற்சிக்கு மிக நல்லது. அரைப் பாகை என்பது ஏறத்தாழ 55 கி.மீ.; ஆகவே கல்லடியையும் கல்முனையையும் இந்தக் கருவி பிரித்துக் காட்டாது. ஆனால் 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் புவியியலாளர் தொலமி, பயணிகளின் கேள்விச் செய்திகளைக் கொண்டு இலங்கையைப் பன்மடங்கு பெருக்கி, பூமத்திய கோட்டுக்குத் தெற்கேயும் நீட்டி வரைந்ததைத் திருத்த இந்தப் பலகை போதும்.

இருவர் சேர்ந்தால்

பருத்தித்துறையில் ஒரு நண்பரிடம் இதே அளவில் இன்னொரு பலகை இருக்கட்டும். ஒரே மாலை, ஒரே நிமிடத்தில் இருவரும் அளந்தால் வடமீனின் விலகலும் வளிமண்டலப் பிழையும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே விழுந்து, கழிக்கும்போது நீங்கிவிடும். வித்தியாசம் 2.1 பாகைக்குக் கிட்ட வரவேண்டும். 111ஆல் பெருக்கினால் சுமார் 233 கி.மீ. வடக்கு. பருத்தித்துறை நமக்கு 1.5 பாகை மேற்கேயும் இருக்கிறது. அதை இந்தப் பலகை சொல்லாது. அதற்குக் கடலிலும் நேரம் தவறாத மணிக்கூடு வேண்டும். ஆங்கிலேயர் ஜோன் ஹரிசன் செய்தவற்றுள் அந்தத் துல்லியத்தை எட்டிய நான்காவது மணிக்கூடு சோதனைக்காகக் கப்பலேறியது 1761இல்தான். 1602இல் மட்டக்களப்புக்கு வந்த ஒல்லாந்தர் ஸ்பில்பேர்கனின் மாலுமிகளும் தங்கள் நெட்டாங்கை, அதாவது கிழக்கு–மேற்கு நிலையை, உத்தேசமாகவே குறித்திருப்பார்கள்.